லேண்ட்ரோவரைக் கண்டால் இறங்கும் கால்

தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்று என் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "யாரு செத்துட்டா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சாலையோரத்தில் கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றிருந்தேன். பத்தடி கீழே என் மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்து, பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பின்சீட்டில் ஒரு நிமிடத்துக்கு முன்புவரை உட்கார்ந்திருந்தவள் அமிர்தம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்.

யாரும் சாகவில்லை. எங்கள் எஸ்டேட் மானேஜரின் லேண்ட்ரோவர் எதிரே வந்தது. அவ்வளவுதான். நான் இறங்கிவிட்டேன்.

என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. தானா ராத்தா டவுனில் மதியம் சினிமா பார்த்துவிட்டு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். வளைவில் ஹார்ன் கேட்டது. அடுத்து எனக்கு நினைவிருப்பது நான் நின்றுகொண்டிருந்தது. நடுவில் மோட்டாரை விட்டிருக்கிறேன், காலை ஊன்றியிருக்கிறேன், தொப்பியைக் கழற்றியிருக்கிறேன். மோட்டார் பாவம், அதற்கு எஸ்டேட் மரியாதையெல்லாம் தெரியாது. அது அமிர்தத்தை ஏற்றிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது.

நல்ல வேளை, அது கவாத்து வெட்டாத மலை. செடிகள் அடர்ந்து மெத்தென்று இருந்தன. வெட்டி மொட்டையாக நிற்கும் குச்சிகளில் விழுந்திருந்தால் உடம்பைக் கிழித்திருக்கும். புடவை கிழிந்தது, நாலு கண்ணாடி வளையல் உடைந்தது, கொண்டையில் கொழுந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவோடு போயிற்று.

லேண்ட்ரோவர் நிற்கவில்லை. மானேஜர் துரை ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி என் மரியாதையை ஏற்றுக்கொண்டு போய்விட்டார். செடிக்குள் ஒரு பெண் கிடந்ததை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

மாரியம்மனுக்கு இல்லாத மரியாதை

சென்ற வாரம் இந்தத் தொடரை என் கல்யாணச் சாப்பாட்டோடு நிறுத்தியிருந்தேன். பாயசத்தில் உப்பு விழுந்த கதையைப் படித்துவிட்டு, "அதற்குப் பிறகாவது வாழ்க்கை இனித்ததா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, பத்தாம் நாளே மனைவியைச் செடியில் தள்ளினேன். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரிங்லெட்டுக்கு மேலே இருந்தது எங்கள் எஸ்டேட். துரை எதிரில் வந்தால் சைக்கிளிலோ மோட்டாரிலோ போகிறவன் இறங்க வேண்டும் என்று அங்கே எந்தச் சட்டமும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் இறங்காதவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்று சொல்லுவார்கள். நான் சொல்வது எழுபதுகளின் நடுவில். வெள்ளைக்காரர் போய், நம்மைப் போலவே சோறும் சாம்பாரும் சாப்பிடுகிற துரை வந்து சில வருஷமாகியிருந்தது. எங்கள் கால்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் போகும் வழியில் மாரியம்மன் கோயில். அதைத் தாண்டும்போது நாங்கள் ஒரு ஹார்ன் அடித்து, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. எந்தப் பயலும் இறங்கினதில்லை. அம்மன் கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

என் அப்பா இந்த விஷயத்தில் எனக்கும் மேலே. ஒரு நாள் லேண்ட்ரோவரில் டிரைவர் மைக்கேல் மட்டும் வந்தார். பின்சீட்டில் துரையின் நாய். அதற்கு ஊசி போடக் கூட்டிப் போகிறார். அப்பா சைக்கிளிலிருந்து அவசரமாக இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நாய் கண்ணாடி வழியாக அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"என்னாப்பா, நாய்க்கெல்லாம் எறங்குறீங்க?" என்றேன்.

"நாய்க்கு இல்லடா, வண்டிக்கு" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படிச் சிரித்தவன்தான் இப்போது தேயிலைச் செடிக்கு முன்னால் தொப்பியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

கை எங்கே போயிற்று?

அமிர்தம் எஸ்டேட்டில் பிறந்தவள் இல்லை. அவள் அப்பா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். கவர்மெண்ட் வேலை, கவர்மெண்ட் வீடு. அந்த வீட்டில் டாக்டர் வந்தால்கூட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பேசுவார்களாம். இதை அவள் கல்யாணமான இரண்டாம் நாளே சொன்னபோது நான் நம்பவில்லை.

செடியிலிருந்து வெளியே வந்தவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் விழறப்ப உங்க கை எங்க போச்சு?"

நான் தொப்பியை அவசரமாகத் தலையில் மாட்டிக்கொண்டேன்.

"தொப்பிக்குப் போச்சு. என்னைப் புடிக்கல. மோட்டாரைக்கூடப் புடிக்கல. தொப்பியைப் புடிச்சீங்க. நாளைக்கு எம்மடியில ஒரு புள்ளை இருந்தாலும் இதான செய்வீங்க?"

"நான் வேணும்னா செஞ்சேன்? அது தானா வருது அமிர்தம்."

"அதான் பயமா இருக்கு. வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்டுட்டு உங்ககூடவே வந்துருப்பேன்."

புடவை முந்தானையால் கிழிசலை மறைத்துக்கொண்டு, வந்த வழியிலேயே மேலே நடந்தாள். நான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். தானா ராத்தா போகும் காய்கறி லோரி ஒன்று நின்றது. முன்சீட்டில் ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடைசியாகச் சொன்னாள்.

"அந்தக் கால் உங்க பேச்சைக் கேக்குற அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் அப்பா வீட்டுலயே இருக்கேன்."

லோரி போய்விட்டது. நடுரோட்டில் எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், இந்த வயதில் யாரிடம் மறைக்கப் போகிறேன்?

நான்கு வைத்தியங்கள்

முதல் வைத்தியம் மாரியம்மன். இனி இறங்கமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குள் சத்தியம் உடைந்தது. வேலை முடிந்து கோயிலுக்குப் போய், "ஆத்தா, நேத்து சொன்னதைக் கணக்குல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது, தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கழற்ற ஒன்றும் இல்லையென்றால் கை என்ன செய்யும்? கை மேலே போய்ப் பார்த்தது, தொப்பியைக் காணாமல் தலையைச் சொறிந்தது. கால் வழக்கம்போல இறங்கிவிட்டது. அந்தக் குளிரில் காது விறைத்து ஒரு வாரம் சளி பிடித்ததுதான் மிச்சம்.

மூன்றாவது, தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய் சொன்னது. மாமனார் வீட்டு வாசலை எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல், அந்தத் தெருவில் இருந்த அவர் கடையில்தான் நான் ஞாயிறுதோறும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"இதுக்குப் போயி பொண்டாட்டிய விட்டுட்டு நிக்கிறியே லா! தொரையைப் பார்த்தா எதிர்க்க ஒரு மாடு வருதுன்னு நெனச்சிக்க. பயம் போயிரும்."

நினைத்துக்கொண்டேன். பாய்க்கு மலை ரோட்டில் மோட்டார் ஓட்டிப் பழக்கமில்லை. குறுகலான ரோட்டில் மாடு எதிரே வந்தால் இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கினேன்.

நான்காவது வைத்தியம் மாரிமுத்து. என்னோடு பாக்டரியில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாடவைக்கும் மாடியில் வேலை பார்த்தவன். நல்ல பலசாலி. அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, லேண்ட்ரோவர் வந்தால் என் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்து அழுத்திக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. "ஒன்னய எந்திரிக்கவே விடமாட்டேன் மச்சான்" என்று மார்தட்டினான்.

ஹார்ன் கேட்டது. நான் இறங்கினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால், மாரிமுத்து எனக்கு முன்னாலேயே இறங்கி, துண்டைக் கக்கத்தில் வைத்து, என்னைவிட ஒழுங்காக நின்றுகொண்டிருக்கிறான்.

துரை இரண்டு விரல் உயர்த்திக்கொண்டு போனார். ஆளுக்கு ஒன்று போலிருக்கிறது.

கேள்வி கேட்கப் பழகியது

யார் முதலில் இறங்கியது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பாக்டரி வாசல்வரை சண்டை போட்டுக்கொண்டே போனோம்.

"நான் வண்டியவே பாக்கல மச்சான். நீ ஆயில முறுக்குறத கொறச்ச, வேகம் விழுந்துச்சு, நான் எறங்கிட்டேன்" என்றான் மாரிமுத்து.

"நான் எங்கடா கொறச்சேன்?"

"ஹார்ன் கேட்டதும் கொறச்ச. ஒன் கைய நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. இருபத்தாறு வயதுவரை என் கையை நான் பார்த்ததே இல்லை. மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அவன் சொன்னது உண்மை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஹார்ன் கேட்டதுமே என் வலது கை தளர்ந்தது. அதற்கு முன்னாலேயே வயிற்றில் ஏதோ ஒன்று லேசாக இழுத்துப் பிடித்தது. காலைப் பிடித்து நிறுத்த நான் பட்ட பாடெல்லாம் வீண். கால் கடைசி ஆள். காரியம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அதனால் கையைப் பிடித்தேன். கை தளரும்போதெல்லாம் வாய்விட்டு எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்: "மணியம், எறங்கப் போறியா?"

முதல் நாள், "ஆமா" என்று பதில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இரண்டாம் நாளும் அதுதான். ஒரு வாரம் இதே கேள்வி, இதே பதில். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. தெரியாமல் இறங்கின காலத்தில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இப்போது தெரிந்தே இறங்கினேன். காது சுட்டது. பழக்கம் என்று இத்தனை நாள் நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அடியில் பச்சையான பயம் உட்கார்ந்திருந்தது. பாக்டரி வேலை போய்விடும், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், அப்பாவும் அம்மாவும் எங்கே போவார்கள் என்ற பயம். கால் தானாக இறங்கியவரை அதை நான் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

புத்தி கொஞ்சம் தெளிந்த மாதிரியும் இருந்தது, முன்னைவிடக் கேவலமாகவும் இருந்தது. அந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அமிர்தம் வாசலில் வந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவளைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை.

"இன்னும் எறங்கிக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். "ஆனா இப்ப எறங்குறது எனக்குத் தெரியுது."



"தெரிஞ்சே எறங்குறீங்களா?"

"ஆமா. பயத்துல எறங்குறேன்."

"அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாச்சா?" என்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பெட்டி இருந்தது. "பின்னால உக்காந்து வர்றேன். என்னா செய்றீங்கன்னு பாக்குறேன்."

 நாங்கள் புறப்படும்போது மாமனார் ஒரு காகிதப் பொட்டலத்தை என் பையில் போட்டார். பிறகு பிரித்துப் பார்த்தால் பஞ்சும், பாண்டேஜ் துணியும், ஒரு சின்னப் புட்டியில் ஐயோடினும் இருந்தன.

வளைவு

அன்றைக்குப் பார்த்து லேண்ட்ரோவர் வராமல் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை துரை பொதுவாக கிளப்புக்குப் போய்விடுவார். எஸ்டேட் ரோட்டில் திரும்பிப் பாதி தூரம் வந்ததும் எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது. மழை விட்டு மூடுபனி செடிகளின் மேல் படுத்துக் கிடந்தது. திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடும் ஒரு கோபிஸ் தோட்டக்காரரிடம் பழசாக வாங்கிய மோட்டார் அது, எத்தனை தடவை கழுவினாலும் ஈரம் பட்டால் முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். அந்த வாடையோடு வந்துகொண்டிருந்தோம்.

ஹார்ன் கேட்டது.

வயிறு இழுத்தது. கை தளர்ந்தது. நான் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன்: "மணியம், எறங்கப் போறியா?"

பின்னாலிருந்து அமிர்தம், "யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள்.

"எங்கிட்டதான். சும்மா இரு."

பதில் வருவதற்குள் துரையின் வண்டி வளைவைத் திரும்பிவிட்டது. ரோடு அந்த இடத்தில் குறுகல், இரண்டும் ஒரே நேரத்தில் போக முடியாது. நான் மோட்டாரை ஓரம் கட்டி, ஒரு காலை ஊன்றி, சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். லேண்ட்ரோவர் எனக்கு நேராக வந்து நின்றது. தொப்பி என் தலையில் இருந்தது. இரண்டு கையும் ஹாண்டிலில் இருந்தன, அவற்றைப் பிடித்து வைத்திருக்க உடம்பிலுள்ள பலமெல்லாம் தேவைப்பட்டது. அது அமிர்தத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும், என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் துரையின் கையைப் பார்த்தேன். வழக்கம்போல அவர் விரல் முன்கூட்டியே எழும்பிவிட்டது. ஏற்றுக்கொள்ள மரியாதை எதுவும் வரவில்லை. விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது, பிறகு போக இடமில்லாமல் அவர் மூக்கைச் சொறிந்தது. ஐயோ பாவம், அவருக்கும் அது தானாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

கண்ணாடியை இறக்கினார்.

"என்னா மணியம், கால்ல அடியா?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். ஒருத்தன் இறங்கவில்லை என்றால் காலில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

எவ்வளவு நல்ல வழி பாருங்கள்! "ஆமாங்க தொரை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இறங்காததும் இறங்காததாக இருக்கும், வேலையும் பிழைக்கும், ஒருவேளை இரண்டு நாள் லீவுகூடக் கிடைக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலைக் கவனித்தேன், கையைக் கவனித்தேன். நாக்கு என்று ஒன்று இருப்பதை மறந்தே போயிருந்தேன்.



"இல்லீங்க தொரை" என்றேன். "கால் நல்லாத்தான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அமிர்தத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகம் சிவந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் மோட்டாரைக் கிளப்ப மூன்று உதை உதைத்தேன், கிளம்பவில்லை. கால் அப்படி ஆடிக்கொண்டிருந்தது. அமிர்தம் இறங்கி, "நகருங்க" என்று சொல்லிவிட்டுத் தானே உதைத்தாள். கிளம்பியது.

அடுத்த வாரமே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டு, பாக்டரியிலிருந்து மருந்து தெளிக்கும் கூட்டத்துக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். யார் உத்தரவு என்று கேட்டதற்கு மேசையைப் பார்த்தார். முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து ஒன்பது மாதம் மலை ஏறினேன். இறங்கியே இருக்கலாமோ என்று பல நாள் யோசித்ததுண்டு. அதையும் மறைப்பதற்கில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, யார் பார்த்துச் சொன்னார்களோ, செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. அம்மா அழுதுகொண்டே அமிர்தத்தைக் கட்டிக்கொண்டார். சந்தோஷத்திலா பயத்திலா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். அப்பா அடுப்படியில் பலகையில் உட்கார்ந்திருந்தார். அறை விழும் என்று எதிர்பார்த்து நான் இரண்டு எட்டு தள்ளியே நின்றேன்.

"எறங்கலியாமே?"

"இல்லப்பா."

"தொரை என்னாடா சொன்னாரு?"

"கால்ல அடியான்னு கேட்டாரு."

"அவரா கேட்டாரு? அவர் வாயாலயா?"

"ஆமாப்பா."

அப்பா இரண்டு கையாலும் வலது முட்டியைப் பிடித்துத் தூக்கி, காலை மெதுவாக முன்னால் நீட்டி வைத்தார். அது தானாக நீளவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"முப்பது வருசமா எறங்கி எறங்கி நின்னேன்டா" என்றார். "ஒரு நாளாச்சும் ஒருத்தன் என்னைக் கேட்டானா?"